பாலிதீன் தாளும் பணியிடப் பாதுகாப்பும்

சணல் சாக்கும் ஓலைப்பாயும் பருத்தித் துணியும் செய்துவந்த வேலைகளில் பெரும்பகுதியை இன்று பாலிதீன் தாள் ஏற்றுக்கொண்டுவிட்டது. சேலம்–விருத்தாசலம் இருப்புப்பாதையில் சின்னசேலத்தில் இறங்கி எத்திசையில் நடந்தாலும் இதைக் காணலாம். களத்தில் காயும் மக்காச்சோளத்தின்மேல் மழைக்கு முன் இழுத்துப் போர்த்தப்படுவது இத்தாள். மரவள்ளிக் கிழங்கு ஆலையில் மாவாகவும் ஜவ்வரிசியாகவும் மாறியபின் அடைபடும் மூட்டைகள் பலவற்றின் உள்ளுறை இத்தாள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து விற்பனைக்குச் செல்லும் சேலைக்கும் வேட்டிக்கும் மேலுறையாவதும் இத்தாளே.

எடை குறைவு, விலை மலிவு, நீர் புகாத தன்மை ஆகிய மூன்று நற்குணங்களால் இது நம் தொழிலுக்குள் நுழைந்தது. ஆனால் நல்ல வேலைக்காரனின் குணத்தையும் அறிந்துதான் வேலை வாங்கவேண்டும். பாலிதீன் தாளைக் கையாள்வதில் உள்ள அபாயங்கள் யாவை, அவை ஏன் நேர்கின்றன, அவற்றை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம். இயந்திரம் வாங்கச் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இதற்காகும் செலவு மிகச் சிறிது. அறியாமையால் வரும் நஷ்டமோ பெரிது. அது ஒருவருடைய நுரையீரலாகவோ கைவிரலாகவோ, ஒரு கிடங்குச் சரக்கு முழுவதுமாகவோகூட இருக்கலாம்.

தாளின் இயல்பு

பாலிதீன் மிகப் பழைய பொருளன்று. 1933-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள வின்னிங்டன் ஆய்வுக்கூடத்தில் ஃபாசெட், கிப்சன் என்னும் இருவர் எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் வைத்துச் சோதனை செய்தபோது, பாத்திரத்தின் அடியில் மெழுகு போன்ற வெண்பொருள் சிறிதளவு தங்கியது. அவ்வெண்பொருளே பாலிதீன். மெழுகுக்கும் இதற்கும் உள்ள உறவை நினைவில் கொண்டால் இதன் குணங்கள் பல எளிதில் விளங்கும். மெழுகைப்போல் இது நீரை ஏற்காது, வெப்பத்தில் உருகும், தீப்பற்றினால் சொட்டுச் சொட்டாக உருகி எரியும்.

கடைகளில் தாளின் கனத்தைக் கேஜ் கணக்கில் கூறுவர். சட்டங்களில் மைக்ரான் கணக்கில் எழுதுவர். 100 கேஜ் என்பது ஏறத்தாழ 25 மைக்ரான். ஆகவே 200 கேஜ் தாள் 50 மைக்ரான் கனமுடையது. ஒரு மீட்டர் அகலமுள்ள அத்தகைய தாளில் 25 கிலோ எடையுள்ள சுருள் ஒன்றை விரித்தால் 500 மீட்டருக்கு மேல் நீளும். இக்கணக்கை அறிந்தவர் வாங்கும்போது ஏமாறமாட்டார். தூக்கும்போது சுருளின் எடையையும் முன்கூட்டியே மதிப்பிடுவார்.

பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் தாள்கள் எல்லாம் பாலிதீன் ஆகா. பி.வி.சி. என்னும் தாளும் உண்டு; பாலிபுரோப்பிலீன் தாளும் உண்டு. சேலை உறைகளில் கண்ணாடிபோல் பளபளத்து மொடமொடவென ஒலிப்பது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். சிறு துண்டொன்றைச் சோப்புக் கலந்த நீரில் அமிழ்த்தி விட்டால் பாலிதீனும் பாலிபுரோப்பிலீனும் மேலே மிதக்கும், பி.வி.சி. அடியில் தங்கும். இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பது அடுத்துக் கூறப்போவதிலிருந்து விளங்கும்.

வெப்பமும் புகையும்

உறையின் வாயை மூட நாம் பயன்படுத்தும் வெப்பக் கருவி தாளின் இரு பக்கங்களையும் உருக்கி ஒன்றாக்குகிறது. சாதாரணப் பாலிதீன் 110 டிகிரி செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். பாலிபுரோப்பிலீன் 160 டிகிரிக்கு மேல் உருகும். உருகுவது வேறு, கருகுவது வேறு. உருகும் அளவில் நிறுத்தினால் தீங்கு இல்லை. அதைக் கடந்து தாள் கருகிப் புகையத் தொடங்கினால், கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் வாயுக்கள் வெளிப்படும். பி.வி.சி. தாளாயின் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அமிலவாயுவும் சேர்ந்து வெளிவரும்.

இது ஏட்டளவான அச்சமன்று. 1973-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு புதிய நோயைப் பற்றி எழுதினார்கள். பெருங்கடைகளில் இறைச்சியைப் பொட்டலம் கட்டுவோர் பி.வி.சி. தாளைச் சூடேற்றிய கம்பியால் வெட்டிவந்தனர். அவர்களிற் சிலருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் மார்பு இறுக்கமும் ஏற்பட்டன. ஆராய்ந்தபோது, கம்பியில் கருகிய தாளின் புகையும், விலைச்சீட்டின் பசை சூடாகும்போது எழும் ஆவியும் ஐயத்துக்கு இடமாயின. நாள் முழுவதும் முகத்துக்கு நேராக எழுந்த சிறு புகைதான். ஆயினும் நாள்தோறும் எழுந்த புகை.

நம் சங்கங்களில் உறை ஒட்டும் மேசை பெரும்பாலும் அறையின் மூலையில், காற்றோட்டமில்லாத இடத்தில் அமைந்துவிடுகிறது. அதைச் சன்னலுக்கு அருகில் மாற்றுவதற்குக் காசு தேவையில்லை. காற்று வேலை செய்பவரின் முதுகுப் பக்கமிருந்து வந்து புகையை வெளியே தள்ளும்படி அமரவேண்டும். கருவியின் சூட்டைக் குறைந்த அளவில் தொடங்கி, ஒட்டுப் பிடிக்கும் அளவுக்குமட்டும் படிப்படியாக உயர்த்தவேண்டும். புகை கண்ணுக்குத் தெரிந்தால் சூடு மிகுதி என்று பொருள். கம்பியின்மேல் ஒட்டிக் கருகிய தாளைக் கருவி ஆறியபின் துடைத்தெடுக்கவேண்டும், எரியவிட்டுத் தீர்க்கலாகாது. பி.வி.சி. தாளைச் சூடான கம்பியால் வெட்டுவதை அறவே விட்டுவிடுதல் நலம்.

மின்னூட்டமும் பொறியும்

வறண்ட நாட்களில் செயற்கை இழை ஒன்றோடொன்று ஒட்டுவதையும், கையருகே வந்தால் மயிர் சிலிர்ப்பதையும் நெசவாளர் அறிவர். பருத்தி இழை இயல்பாகவே ஈரத்தை ஏற்பது; போதாதற்குக் குழித்தறியின் மண்ணீரமும் அதற்குத் துணை. பாலிதீனோ ஈரத்தை ஏற்பதில்லை. சுருளிலிருந்து வேகமாக இழுக்கும்போது உராய்வினாலும் பிரிவினாலும் அதன்மேல் மின்னூட்டம் தங்குகிறது. வோல்ட் கணக்கில் அது பல ஆயிரத்தை எட்டக்கூடும்.

இங்கே இருவகைப் பொறிகளை வேறுபடுத்தி அறியவேண்டும். தாளிலிருந்தே நேராகக் கிளம்பும் பொறி வலிமை குறைந்தது. ஆனால் பெட்ரோல், தின்னர், அச்சுமை ஆகியவற்றின் ஆவியைப் பற்றவைக்க அதுவே போதும். ஆகையால் உறைகளில் முத்திரை அச்சிடும் மேசையும் சுருளை விரிக்கும் மேசையும் ஒரே அறையில் இருத்தலாகாது. இரண்டாவது வகைப் பொறி மேலும் கொடியது. தாளின் மின்னூட்டம் அருகிலுள்ள இரும்புப் பீப்பாய்க்கோ சட்டகத்துக்கோ ஏறி, அவ்விரும்பு நிலத்தோடு இணைக்கப்படாமல் இருந்தால், அங்கே சேர்ந்த ஊட்டம் முழுவதும் ஒரே நொடியில் பாயும். காற்றில் பறக்கும் மாவுத்தூளைப் பற்றவைக்கும் வலிமை அப்பொறிக்கு உண்டு.

மாவு வெடிக்குமா என்று வியப்பவர் உண்டு. தைவான் நாட்டில் 2015-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் ஒரு கேளிக்கைப் பூங்காவில், வண்ணம் கலந்த சோளமாவைக் காற்றில் தூவி விளையாடியபோது அது தீப்பற்றியது. பதினைந்து பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ ஐந்நூறு பேர் காயமுற்றனர். அங்கே தீ மூண்டது தாளினால் அன்று என்பது உண்மை. ஆயின் மூட்டையில் சாதுவாகக் கிடக்கும் மாவு, காற்றோடு கலந்தபோது என்ன செய்யும் என்பதற்கு அது சான்று. மரவள்ளி மாவும் மக்காச்சோள மாவும் நிரப்பும் ஆலைகளுக்கு இப்பாடம் நேரடியாக உரியது. உள்ளுறையை உதறி உதறி மாவைக் கொட்டுதல் கூடாது. உத்தரத்திலும் விளக்கின்மேலும் படிந்த தூளை நாள்தோறும் துடைக்கவேண்டும். இரும்புச் சட்டகம், புனல், பீப்பாய் அனைத்தையும் தக்க மின்தொழிலாளியைக் கொண்டு நிலத்தோடு இணைக்கவேண்டும். சுருளை மெதுவாக விரித்தல் மின்னூட்டத்தைக் குறைக்கும். தரையில் அளவாக நீர் தெளித்து அறைக்காற்றில் ஈரம் கூட்டுதல் அதனைத் தணிக்கும்.

கையும் காலும்

மருத்துவமனைக்கு ஆள் அனுப்பும் விபத்துக்கள் பெரும்பாலும் இவ்வளவு விந்தையானவை அல்ல. கீழே கிடந்த தாள்துண்டில் வழுக்கி விழுதல், சுருளைத் தூக்கி இடுப்புப் பிடித்தல், கத்தி நழுவி இடது கையில் பாய்தல் ஆகியவையே மிகுதி. மழமழப்பான சிமெண்டுத் தரையில் பாலிதீன் துண்டு வாழைப்பழத் தோலைவிடக் கேடானது. நிறமற்றதாதலால் கண்ணுக்கும் தென்படாது. வெட்டும் மேசையின் அருகிலேயே ஒரு கூடை வைத்து, துண்டு விழுந்தவுடன் அதிற் போடும் பழக்கம் வரவேண்டும்.

கத்தியைத் தன் உடம்பை நோக்கி இழுத்து வெட்டாமல் வெளிநோக்கி வெட்டவேண்டும். அலகு உள்ளே மறைந்திருக்கும் கத்தி கடைகளில் கிடைக்கிறது. அதன் விலை ஒரு நாள் கூலியிலும் குறைவு. சுருளின் எடையைப் பொறுத்தவரை, சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1967-ஆம் ஆண்டிலேயே, வயதுவந்த ஆண் ஒருவர் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பரிந்துரைத்தது. பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இதனினும் குறைந்த அளவே தகும். பெரிய சுருளை உருட்டிச் செல்லவேண்டும். அல்லது இருவர் கூடித் தூக்கவேண்டும்.

சுற்றும் உருளைகளுள்ள இயந்திரமாயின், இரண்டு உருளைகள் சேரும் இடுக்கே உயிர்நிலை. தாள் சுருங்கினால் ஓடும்போதே கையால் நீவிவிடும் வழக்கம் பலருக்கு உண்டு. தாளோடு விரலும் உள்ளே போவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். இயங்கும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்த அடிப்படைக் கடமைகளில் ஒன்று. சட்டம் எட்டாத சிறு பட்டறைக்கும் அக்கடமை பொருந்தும். முந்தானையும் துண்டும் அவிழ்ந்த கூந்தலும் அவ்விடுக்கின் அருகே போதல் கூடாது.

தறி வீட்டில் குழந்தைகள்

கைத்தறி நெசவாளரின் பணிமனை அவருடைய வீடே. தறிக்கு அருகில் தூளி தொங்கும். நூற்கட்டின் உறை தரையிற் கிடக்கும். ஆலைத்தொழிலாளிக்கு இல்லாத ஓர் அபாயம் இங்கே உண்டு. 1959-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சலவைக் கடைகள் துணிகளுக்குப் போர்த்தித் தந்த மெல்லிய பாலிதீன் உறைகள் முகத்தில் ஒட்டி மூச்சடைத்துப் பல குழந்தைகள் மாண்டன. பெற்றோர் சிலர் அவ்வுறைகளைத் தொட்டில் மெத்தைக்கு விரிப்பாகவும் பயன்படுத்தியிருந்தனர்.

நாம் மேலே கூறிய மின்னூட்டமும் குழந்தையின் மூச்சின் ஈரமும் சேர்ந்து தாளை முகத்தில் ஒட்டச் செய்கின்றன. அதை விலக்கும் பலம் கைக்குழந்தைக்கு இல்லை. தாள் மெல்லியதாக இருக்க இருக்க ஆபத்து மிகும். தூளியின் அடியிலும் மெத்தையின்மேலும் பாலிதீன் தாளை ஒருபோதும் விரிக்கலாகாது. நூற்கட்டின் உறையைப் பிரித்தவுடன் முடிச்சிட்டு உயரத்தில் வைக்கவேண்டும். முடிச்சிட்ட உறை தலையில் நுழையாது. சங்கத்தில் காலி உறைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு இருப்பின் வீட்டில் அவை சேரவே மாட்டா.

கிடங்கின் நச்சுப் போர்வை

விளைபொருள் அங்கத்தினர்கள் இப்பகுதியை இருமுறை படிக்க வேண்டுகிறோம். மக்காச்சோள அட்டியில் வண்டு விழுந்தால் அதன்மேல் பாலிதீன் போர்வை மூடி, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை உள்ளே வைப்பர். காற்றின் ஈரம் பட்டதும் மாத்திரையிலிருந்து பாஸ்பீன் என்னும் வாயு எழுந்து பூச்சிகளைக் கொல்கிறது. அவ்வாயு மனிதனுக்கும் கொடிய நஞ்சு. அதற்கு மாற்று மருந்து இல்லை. இக்காரணத்தால் இந்தியாவில் அரசு அங்கீகாரம் பெற்ற வல்லுநரின் மேற்பார்வையிலேயே இதனைப் பயன்படுத்தவேண்டும் என்பது விதி. கடையில் எவரோ கொடுத்த மாத்திரையை வீட்டுக் குதிரில் போடுவது குடும்பத்தையே பலியிடுவதாகும்.

இங்கு உயிரைக் காப்பது போர்வையே. மழைக்குப் போர்த்தும் மெல்லிய தாளோ கிழிந்து ஒட்டுப்போட்ட தாளோ இதற்கு உதவா. வாயுவைத் தாங்கும் கனத்த போர்வையை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்தபின் இடவேண்டும். தரையில் படியும் விளிம்பின்மேல் மணல் நிரப்பிய நீண்ட துணிப்பைகளை இடைவெளியின்றி, ஒன்றன் முனைமேல் ஒன்று ஏறும்படி அடுக்கவேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கல்லை வைத்தால் இடுக்கு வழியே வாயு கசியும். பூண்டின் நாற்றம் வந்தால் ஓடலாம் என்று நம்பியிருத்தல் தவறு. நாற்றம் எப்போதும் முன்னறிவிப்பதில்லை. குடியிருக்கும் வீட்டோடு சுவர் ஒட்டிய அறையில் இவ்வேலை நடத்தல் கூடாது. குறித்த நாட்கள் கழிந்தபின் வல்லுநரே போர்வையை விலக்கி, நெடுநேரம் காற்றாடவிட்டு, அளவுகருவியால் சோதித்து அனுமதி தரும்வரை அங்கே ஒருவரும் நுழையலாகாது. எஞ்சிய பொடியிலும் நச்சு மிஞ்சியிருக்கலாம். அதில் நீர் ஊற்றினால் தீயும் எழக்கூடும். அதனையும் அவரே அகற்றவேண்டும்.

சரக்கின் நலம்

நீர் உள்ளே புகாத தாள் உள்ளிருக்கும் நீரை வெளியே விடுவதும் இல்லை. பகலில் வெயிலில் சூடான மக்காச்சோளத்தை மாலையில் இறுகப் போர்த்தினால், இரவின் குளிர்ச்சியில் தாளின் அடிப்புறம் வியர்த்து, அவ்வியர்வை தானியத்தின்மேல் சொட்டும். அங்கே தோன்றும் பூஞ்சணம் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கக்கூடியது. தானியத்தை 12 விழுக்காடு ஈரப்பதத்துக்கு உலர்த்தி, சூடு ஆறவிட்டு அடுக்கவேண்டும். மழைக்காகப் போர்த்திய தாளை வானம் வெளுத்தவுடன் விலக்கிவிடவேண்டும்.

நெசவுச் சரக்குக்கும் இதே நியாயம். கஞ்சி உலராத வேட்டியை உறையிலிட்டு ஒட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சரிகைப் பட்டை நெடுநாள் வைப்பதற்குப் பருத்தித் துணியே ஏற்றது. வெண்மையான துணிகளுக்கு இன்னொரு கேடும் உண்டு. அது பலருக்குப் புதிராக இருந்துவருகிறது. வெளுத்து மடித்து வைத்த வேட்டி உறையை விட்டு எடுக்காமலே மடிப்போரத்தில் மஞ்சளித்துவிடும். சலவைக்காரரையும் நெசவாளரையும் குறைகூறுவர். ஆனால் குற்றம் தாளினுடையதாகவும் இருக்கலாம். தாள் கெடாதிருக்கச் சில ஆலைகள் பி.எச்.டி. என்னும் சேர்மத்தைக் கலக்கின்றன. அது தாளிலிருந்து ஆவியாகித் துணியில் ஏறி, வண்டிப்புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு கூடும்போது மஞ்சள் நிறம் பிறக்கிறது. ஆகவே உறை வாங்கும்போது பி.எச்.டி. கலவாத தாள் என்று எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். சரக்கு ஏற்றும் வண்டியைக் கிடங்கு வாயிலில் இயந்திரம் ஓடியவாறு நிறுத்தலாகாது.

தீயும் கழிவும்

ஒரு கிலோ பாலிதீன் எரிந்தால் எழும் வெப்பம் ஏறத்தாழ ஒரு கிலோ மண்ணெண்ணெயின் வெப்பத்துக்குச் சமம். எனவே தாள் அடுக்கிய அறையை எண்ணெய்ப் பீப்பாய்கள் அடுக்கிய அறையைப் போலவே கருதவேண்டும். பீடி, அடுப்பு, வெல்டிங் வேலை ஆகியவை அதன் அருகே கூடா. சுருள்களை வெளியேறும் வழியில் அடுக்கலாகாது. உருகிய தாள் தோலில் ஒட்டிவிட்டால் பிய்த்தெடுக்க முயலாமல், ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் நனைத்து மருத்துவரிடம் காட்டவேண்டும்.

கழிந்த தாளைத் தெருமுனையில் எரிப்பது மேலே கூறிய புகையை ஊருக்கெல்லாம் பங்கிடுவதாகும். நிறமற்ற பாலிதீனைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் பிரித்து, தூசியின்றிக் கட்டி வைத்தால் பழம்பொருள் வியாபாரி விலைகொடுத்து வாங்குவார். கலந்து அழுக்கான தாளை எவரும் வாங்கார். தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுள் பலவும், பிளாஸ்டிக் கைப்பைகளும் தடைசெய்யப்பட்டன. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. துணி நெய்யும் சங்கம் தன் சரக்கைத் துணிப்பையில் வைத்துத் தருவதில் சட்டமும் நிறைவேறும், தறிக்கும் வேலை கிடைக்கும்.

சங்கங்கள் செய்யவேண்டுவன

தனி முதலாளியின் பணிமனையில் பாதுகாப்பு என்பது மேலிருந்து வரும் கட்டளை. கூட்டுறவிலோ வேலை செய்பவரும் உரிமையாளரும் ஒருவரே. இங்கே கட்டளையிட வேறொருவர் இல்லை. காயம் பட்டால் நஷ்டம் அடைவதும் வேறொருவர் இல்லை. ஆதலால் ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் அடுத்த கூட்டத்திலேயே கீழ்க்கண்டவற்றை எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

1. உறை ஒட்டும் மேசையைக் காற்றோட்டமுள்ள இடத்துக்கு மாற்றுதல். சூட்டின் அளவைக் கருவியருகே எழுதி ஒட்டுதல்.

2. இயந்திரச் சட்டகங்களின் நில இணைப்பை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்தல்.

3. மறைவலகுக் கத்தி, கழிவுக்கூடை, மணல் வாளி, தீயணைப்புக் கருவி ஆகியவற்றை வாங்கி வைத்தல்.

4. நூற்கட்டின் காலி உறைகளைத் திரும்பப் பெறுதல்.

5. கிடங்கில் நச்சுவாயு இடும் நாளை முன்கூட்டியே அறிவித்து, எச்சரிக்கைப் பலகை வைத்து, கதவைப் பூட்டிச் சாவியைப் பொறுப்புள்ள ஒருவரிடம் ஒப்படைத்தல்.

6. நேர்ந்த சிறு காயத்தையும் ஒரு புத்தகத்தில் பதிந்து, மாதக் கூட்டத்தில் படித்தல்.

கடைசியாகக் கூறியது எளியதாகத் தோன்றலாம். ஆயினும் அதுவே மற்ற ஐந்தையும் உயிரோடு வைத்திருக்கும். ஒரே மேசையில் மூன்று முறை விரல் வெட்டுப்பட்டது என்று புத்தகம் காட்டினால், அம்மேசையில் ஏதோ குறையுள்ளது என்பது எவருக்கும் விளங்கும். வரவு செலவை எழுதாமல் சங்கம் நடத்த நாம் ஒப்பமாட்டோம். அங்கத்தினரின் கையும் கண்ணும் மூச்சும் சங்கத்தின் முதல்தானே! அக்கணக்கையும் எழுதுவோமாக.